சின்னதுரை குடித்த தண்ணீர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் சின்னதுரை பதினெட்டு வருஷம் உலைக்கு முன்னால் நின்றவன். அவன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். என்னை அக்கா என்பான், நான் துரை என்பேன். ஒரே சபைக்குத்தான் போகிறோம். அவன் கதையை நான் எழுத வேண்டியிருப்பதற்குக் காரணம், அந்த நீலக் கேனை நிரப்பிக் கொடுத்த கைகளில் என் கையும் ஒன்று.

முதலில் அவன் குடியை விட்டதைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு பெரிய வெள்ளி ஆராதனையில், கடைசி ஜெபம் முடிந்து எல்லாரும் எழுந்திருக்கும் நேரம். அவன் மட்டும் முன்னால் போய் நின்றான். "இனிமே தொட மாட்டேன்" என்றான். அதற்கு முந்தின வாரம் அவன் தள்ளிவிட்டதில் அவன் மனைவி சாராளின் இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. அன்றைக்கு அவள் கட்டோடுதான் கோவிலில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கை இன்றும் முழுசாக மடங்காது. துணி பிழிய வலது கையைத்தான் நம்புவாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். எளாவூர் செக்போஸ்ட் பக்கம் வேலையாகப் போனால்கூட, கடை இருக்கும் பக்கம் திரும்பாமல் லாரிகளைப் பார்த்துக்கொண்டே சைக்கிள் மிதிப்பான். மில்லில் கூட இருந்தவர்கள் "பாஸ்டர் வர்றாருடா, மூடி வையுங்கடா" என்று கேலி செய்வார்கள். சிரித்துக்கொண்டு போய்விடுவான். தேவன் கொடுத்த பெலன் என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். இப்போதும் அப்படித்தான் சொல்கிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், சித்திரை வெயிலில், கல்லூரி ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து வேன் வந்து மில் கேட்டில் நின்றது. ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே யாரும் கெட்ட மனதோடு எதுவும் செய்யவில்லை. தார்ப்பாயைக் கட்டி மேஜை போட்டு, வயதான டாக்டரம்மா ஒருவரும் அவரிடம் படிக்கிற பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். வேலைக்குப் போகும்போது ஒரு எடை, வெளியே வரும்போது ஒரு எடை. சின்னக் கப்பைக் கொடுத்து மூத்திரம் வாங்கினார்கள். அதற்கு ஒரே சிரிப்பு. "இன்னாடா இது, மொதலாளி இதையும் எட போட்டு விக்கப்போறாரா?" என்று ஒருவன் கேட்டானாம். சின்னதுரை வந்து சொல்லிச் சிரித்தான்.

அந்த அம்மா புத்தகத்தில் இருக்கிற மாதிரியே பேசினார். "சூட்டில் வேலை செய்கிறவர்களுக்குச் சிறுநீரகம் ஏன் கெடுகிறது என்று ஆராய்கிறோம். இந்தக் கேனில் ஐந்து லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஒரு நாளைக்குள் அத்தனையும் அருந்த வேண்டும். அருந்த அருந்த இந்த அட்டையில் கட்டத்தை நிரப்புங்கள்." யாருக்குக் கேன், யாருக்குக் கேன் இல்லை என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். சின்னதுரைக்குக் கேன் விழுந்தது. நீலக் கேன், பக்கத்தில் வெள்ளைக் கோடுகள்.

அதை அவன் வாங்கி வந்த விதத்தைப் பார்க்க வேண்டும். கிறிஸ்மஸ் பரிசு வாங்கி வருகிற மாதிரி. "பதினெட்டு வருசம் அந்த உலையாண்ட நிக்கறேன் அக்கா. நீ தாகத்துக்குக் குடிச்சியான்னு ஒர்த்தர் வந்து கேட்டதில்ல. இந்தம்மா கேக்குது பாரு" என்றான். ஒரு நாள் தவறாமல் கட்டம் நிரப்பினான். சாராள் பிஸ்கட் கம்பெனிக்குக் காலை ஷிப்ட் போகிற நாட்களில் நான் கேனை நிரப்பி சைக்கிளில் மாட்டிவிடுவேன்.

மூன்றாம் தடவை வேன் வந்தபோது அவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்கள். இரத்தத்தில் உப்பு ஏறியிருக்கிறது, இரண்டு சிறுநீரகமும் சுருங்கியிருக்கின்றன, இது இந்தக் கோடையில் வந்ததல்ல, பல வருஷமாக வந்தது என்று சொன்னார்கள். ஆராய்ச்சியிலிருந்து எடுத்து வைத்தியத்துக்கு எழுதினார்கள். அங்கே ஆராய்ச்சி ஒரு கட்டிடம், வைத்தியம் வேறொரு கட்டிடம். அட்டையை வாங்கிக்கொண்டார்கள். கேனை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கேனோடு சேர்ந்து ஐந்து லிட்டர் என்ற அந்த வார்த்தையும் திரும்பிப் போயிருக்கும்.

மாத்திரையில் எட்டு மாதம் ஓடியது. பிறகு டயாலிசிஸ். செவ்வாயும் சனியும் ரயிலில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டும். மில்லில் உலைப் பக்கம் வேண்டாம் என்று எடைமேடை அறையில் உட்கார வைத்தார்கள். காலி லாரி ஏறினால் ஒரு எடை, சரக்கோடு ஏறினால் ஒரு எடை, இரண்டையும் எழுதித் தர வேண்டும். ஆஸ்பத்திரியிலும் மெஷினில் போடும் முன்னால் ஒரு எடை, எடுத்த பிறகு ஒரு எடை. "அங்க நான் லாரிய நிறுத்தறேன். இங்க என்னிய நிறுத்தறாங்க. லோடோட வர்றேன், காலி பண்ணி அனுப்பறாங்க" என்பான்.

முதல் நாள் நான்தான் அவனோடு போயிருந்தேன். மேல்படிப்புப் படிக்கிற இளம் டாக்டர் ஒருவர் கேள்வி கேட்டு எழுதினார். பெயர் ரகுராம். திருவள்ளூரில் கோவில் கைங்கரியம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. நெற்றியில் மெல்லிய கோடாக ஸ்ரீசூர்ணம் இருக்கும். வருகிறவர்கள் எல்லாம் எங்களைப் போன்ற தொழிலாளிகள் என்பதால், எங்கள் மாதிரியே பேச வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பேசுவார். அது அவருடைய நல்ல மனது.

"பீடி உண்டாண்ணா?"

"இல்ல சார்."

"பாக்கு, பொகயிலை?"

"அதுவும் இல்ல."

"தண்ணி?"

"வுட்டு பத்து வருசத்துக்கு மேல ஆவுது சார்."

"வெரி குட்." எழுதினார். இன்னும் என்னென்னவோ எழுதினார். அப்புறம் தலையைத் தூக்காமலே சொன்னார். "இனிமே தண்ணிய ரொம்பக் கொறைக்கணும்ணா. அதுல ஏமாத்துனா மூச்சு முட்டிக்கும். உசுருக்கே ஆபத்து."

"தொடறதே இல்ல சார்."

"அப்படித்தான் இருக்கணும்" என்று டாக்டர் சிரித்தார்.

நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். குழாயில் வருவதும் தண்ணி, கடையில் விற்பதும் தண்ணி. எது என்று பேச்சுப் போகிற போக்கில் தெரிந்துவிடும். ஆனால் டாக்டரோ போலீசோ ஒரு ஆம்பிளையைப் பார்த்துக் கேட்டால், எங்கள் பக்கத்தில் அது கடைத் தண்ணியைத்தான் குறிக்கும்.

ஒரு அச்சடித்த தாளும் கொடுத்தார்கள். அதில் 'திரவ உட்கொள்ளல் கட்டுப்பாடு' என்று இருந்தது. சின்னதுரை எழுத்துக் கூட்டிப் படித்து, "திராவகம் போடற டேங்க்காண்ட நான் வேலையே செய்யல அக்கா, எனக்கு இன்னாத்துக்கு இது?" என்று கேட்டான். மில்லில் இரும்பைக் கழுவுகிற ஆசிட்டுக்குத் திராவகம் என்றுதான் பெயர். நானும் வாங்கிப் பார்த்தேன். அஞ்சாங் கிளாஸ் படிப்புக்கு அது பிடிபடவில்லை. மடித்து வேதபுத்தகத்துக்குள் வைத்தான்.

கேன் மட்டும் கூடவே இருந்தது. கட்டம் நிரப்ப அட்டை இல்லை என்று சுவரில் கரிக்கோடு போட்டுக்கொண்டான். வேனில் வந்த பெரிய டாக்டரம்மா சொன்னது தண்ணீர், அது மருந்து. சின்ன டாக்டர் சொன்னது தண்ணி, அது பாவம். ஒன்றைக் குடித்தான், மற்றதைத் தொடவில்லை. இரண்டு டாக்டருக்கும் கீழ்ப்படிந்தான்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. மூத்திரம் போய்க்கொண்டிருந்த வரைக்கும் போனது. பிறகு அது குறைந்தது. அப்புறம் கால் வீங்க ஆரம்பித்தது. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். செருப்பின் வார் பதிந்தது சாயங்காலம் வரைக்கும் மாறாது. மோதிரம் கழற்ற முடியாமல் போனது. காலையில் முகம் உப்பி, கண் சிவந்து, நடை தள்ளாடி வருவான். வாயில் புளித்த மாதிரி ஒரு வாடை. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அந்த வாடை வரும் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டோம். அன்றைக்கு அவன் முகத்தை யார் பார்த்தாலும் பழைய சின்னதுரை திரும்பி வந்துவிட்டான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் எடை நாலு கிலோ, அஞ்சு கிலோ ஏறியிருந்தது. அத்தனையையும் மெஷின் இழுக்கும்போது கால் நரம்பு சுருட்டிக்கொள்ளும், வாந்தி வரும். டாக்டர் ரகுராம் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்.

"அண்ணா, உண்மைய சொல்லுங்க. தண்ணி எவ்ளோ?"

"ஏசு சாட்சியா ஒரு சொட்டு இல்ல சார்."

டாக்டர் போய்விடுவார். திரும்பத் திரும்ப அதே கேள்வி, அதே பதில். ஒருநாள் சின்னதுரை என்னிடம் சொன்னான். "அந்த டாக்டரு என்னிய நம்பவே மாட்டேங்கறாரு அக்கா. ஒரு தபா குடிகாரன்னு பேரு வந்தா செத்தாலும் போவாது போல."

இதற்கு நடுவில் சாராள் ஒரு முடிவெடுத்திருந்தாள். தன் சிறுநீரகம் ஒன்றை அவனுக்குக் கொடுப்பதாகச் சொன்னாள். இரத்த வகை பொருந்தியது. நாலு மாதம் அலைந்து எல்லாப் பரிசோதனையும் முடித்தார்கள். கடைசியில் ஒரு குழுவின் முன்னால் போய், மனசாரத்தான் கொடுக்கிறேன் என்று அவள் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை என்று தேதி கொடுத்தார்கள். அவன் பிழைப்பது அவளுடைய அந்த ஒரு பேச்சில்தான் இருந்தது. மெஷின் ரொம்ப நாள் தாங்காது, உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று டாக்டர்களே சொல்லியிருந்தார்கள்.

அதற்கு முன்னால் வந்த செவ்வாய்க்கிழமை வார்டு நர்சு சாராளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, உன் ஊட்டுக்காரரு தண்ணிய வுடவே இல்லியே. கேட்டா தொடறதே இல்லன்னு சத்தியம் பண்றாரு. ஒடம்பு பொய் சொல்லுமா?"

"எத்தினி நாளா சிஸ்டர்?" என்று சாராள் கேட்டாள்.

"மொதல்லேர்ந்தே அப்படித்தான்."

வீட்டுக்கு வந்தவள் அவன் பையைக் கொட்டிப் பார்த்தாள். சட்டையை மோந்து பார்த்தாள். எடைமேடை அறை வரைக்கும் போய், யாரும் இல்லாத நேரம் பார்த்து மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தாள். நீலக் கேன் இருந்தது. அதை நகர்த்திவிட்டு அதற்குப் பின்னால் பாட்டில் இருக்கிறதா என்று தேடினாளாம். இதை அவளே பிறகு சொன்னாள். கேனைத் தள்ளி வைத்துவிட்டுத் தேடினேனே அக்கா என்று.

வியாழக்கிழமை குழுவின் முன்னால், "எனக்கு இன்னும் கொஞ்ச நாளு ரோசன பண்ணணும்" என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று அவர்கள் வற்புறுத்தவில்லை. கொடுக்கிறவரை வற்புறுத்தக் கூடாது என்பது அவர்களுடைய முறை. வெளியே என்னோடு காத்திருந்த சின்னதுரையிடம், தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் அவன் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அத்திப்பட்டு தாண்டும்போது சாராள் என் காதோடு சொன்னாள். "இந்தக் கைய ஒடச்ச கையிக்கு நான் கிட்னி குடுக்கணுமா அக்கா?" வெளியே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் வரிசையாக நின்றன. அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்து, சாயங்காலம் அவன் அவளைக் கேட்டான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"இன்னாத்துக்கு தள்ளி வச்சாங்க சாரா? நீ இன்னா சொன்ன உள்ள?"

"நீங்க இன்னா செய்யறீங்கன்னு நீங்க சொல்லுங்க மொதல்ல."

"நான் இன்னா செஞ்சேன்?"

"சிஸ்டர் சொல்லிச்சு. தண்ணிய நீங்க வுடவே இல்லியாம். மொதல்லேர்ந்தே ஏமாத்திக்கினு கீறீங்களாம்."

அவன் கத்துவான் என்று பயந்தேன். கத்தவில்லை. கேன் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "அக்கா, கொஞ்சம் இப்படி வாங்க" என்று கூப்பிட்டான்.

போனேன். சாராள் சுவரைப் பார்த்து நின்றாள். அவன் நீலக் கேனைத் தரையில் நடுவில் வைத்திருந்தான். மூச்சு வாங்கியபடிதான் பேசினான்.

"ரெண்டு பேரும் பாத்துக்கோங்க. இன்னிலேர்ந்து செவ்வாக்கெழம மெஷின் வரிக்கும் என் வாயில போறது இந்தக் கேன்ல கீறது மட்டுந்தான். டீ வாணாம், மோர் வாணாம். காலையில நீங்க ரொப்புங்க. சாயங்காலம் காலி கேனப் பாருங்க. கோயிலத் தவிர நான் எங்கியும் போவ மாட்டேன். அப்பால சொல்லுங்க நான் குடிகாரனான்னு."

கேனை எடுத்துப் போய் நிரப்பியவள் நான். அவன் நிரபராதி என்று காட்டப்போகிறான் என்ற சந்தோஷத்தில் விளிம்பு வரைக்கும் நிரப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். கேன் காலடியில் இருந்தது. அன்றைக்குத் திருவிருந்து. அப்பத்தை வாங்கினான். திராட்சை ரசக் கிண்ணம் வந்தபோது தலையை ஆட்டி வேண்டாம் என்றான். கேனில் இருப்பது மட்டும் என்று சொன்ன சொல்லுக்காக. அது எனக்குத் தெரியும், சாராளுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. வீங்கிய முகம், சிவந்த கண், கிண்ணத்தை மறுத்த கை. இரண்டு வரிசை முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். சாயங்காலம் கேனைக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டு விழவில்லை.

"பாத்தியா சாரா."

அவள் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது கோபம் அல்ல. அவன் மணிக்கட்டு எலும்பே தெரியாமல் வீங்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை விடிந்து நான் கோலமாவு விற்க வருகிற பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தபோது சாராள் ஓடி வந்தாள். போய்ப் பார்த்தேன். அவன் வாசற்படியில் முன்பக்கம் குனிந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தான். படுக்க முடியவில்லையாம். நெஞ்சுக்குள் கொதிக்கிற பானை மாதிரி சத்தம். உதடு கறுத்திருந்தது. அந்த நிலையிலும், விடியும் முன்னால் நான் நிரப்பி வைத்திருந்த கேனுக்குக் கை நீட்டினான்.

"வாணாம் துரை, அப்புறம் குடிக்கலாம்" என்றேன்.

"காலைக்கு... ரெண்டு கோடு... பாக்கி கீது அக்கா" என்றான். எடுத்துக் குடித்தான். நான் பிடித்துக் கொடுத்தேன்.

ஆம்புலன்சில் ஏற்றிப் போனோம். வழியெல்லாம் அவனைச் சாய விடாமல் சாராள் முதுகோடு முதுகு வைத்து முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நிற்க வைத்து எடை பார்க்க முடியவில்லை. கட்டிலோடு எடை பார்த்தார்கள். சனிக்கிழமை காலி பண்ணி அனுப்பிய உடம்பில் ஏழரைக் கிலோ ஏறியிருந்தது. டாக்டர் ரகுராம் அந்த எண்ணை இரண்டு தடவை பார்த்தார். முகமூடி வழியாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அவன் காதுக்கு அருகில் குனிந்தார்.

"அண்ணா, இப்பவாவது சொல்லுங்க. தண்ணி எவ்ளோ?"

சின்னதுரை தலையை இரண்டு பக்கமும் ஆட்டினான். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "சொட்டு... இல்ல சார்."

டாக்டர் நிமிர்ந்து, இனி கேட்பதில் பயனில்லை என்கிற மாதிரி கையை உதறிக்கொண்டு மெஷின் பக்கம் போனார்.

மெஷின் வேலை பழக வந்த ஒரு பெண் அங்கே குழாய்களைப் பொருத்திக்கொண்டிருந்தாள். பெயர் ஷைனி. கன்னியாகுமரிப் பக்கம். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவள் பேச்சைக் கேட்டு மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று பேசாமலே இருப்பாள். அவள் ஊசியை ஒட்டிவிட்டு, சாதாரணமாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, வெள்ளம் எம்புட்டு குடிச்சிய?"

அவன் கண்ணைத் திறந்தான். "வெள்ளமா? எங்க ஊர்ல... மழையே இல்லியே சிஸ்டர்."

"மழ வெள்ளம் இல்ல. குடிக்குத வெள்ளம். தாகம் எடுத்தா குடிப்பிய இல்லா, அது."

"ஓ, அதுவா." அவ்வளவு மூச்சுத்திணறலிலும் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. கடைசியில் ஒருவர் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டார் என்பது போல. "கேன் தண்ணி. நாளைக்கு அஞ்சு லிட்டரு. நேத்து அஞ்சு. முந்தாநேத்து அஞ்சு. ஒரு நாளு கொறச்சதில்ல சிஸ்டர். பெரிய டாக்டரம்மா சொன்னாங்க."

டாக்டர் ரகுராம் மெஷினில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார். சாராள் வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். என் சேலை முந்தானையில் காலையில் கேன் சிந்திய ஈரம் இன்னும் காயவில்லை.

அன்றைக்குத் தேவன் அவனை எங்களிடம் திருப்பிக் கொடுத்தார். மூன்று நாள் தொடர்ந்து மெஷின் போட்டு அத்தனை தண்ணீரையும் இறக்கினார்கள். நாலாம் நாள் தலையணையில் சாய்ந்து படுத்தான்.

அந்த வார்டின் பெரிய டாக்டர், படிக்கிற பிள்ளைகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு அவன் கட்டிலுக்கு வந்தார். "உங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீரை என்ன சொல்வீர்கள்? ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்" என்றார். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ரகுராம் முறை வந்தபோது அவர் சின்னதுரையைப் பார்க்காமல், "எங்காத்துல தீர்த்தம்னு சொல்லுவோம் சார்" என்றார்.

சின்னதுரை மெல்லச் சொன்னான். "சார், அதுவும் எங்க மில்லுல அதுக்குத்தான் பேரு."

பிள்ளைகள் சிரித்தார்கள். ரகுராமும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, என்ன மன்னிச்சிருங்க" என்றார். "வுடுங்க சார். நீங்க வாணாம்னு சொன்னத நான் தொடலயே" என்றான் சின்னதுரை. பெரிய டாக்டர் மட்டும் சிரிக்கவே இல்லை. அவர் கையில் அன்று காலை எடுத்த இருதய ஸ்கேன் தாள் இருந்தது.

சாராள் அதே வாரம் குழுவின் அறைக்குப் போய், இப்போதே எழுதித் தருகிறேன் என்றாள். அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை. இத்தனை மாதம் தாங்காத சுமையைத் தாங்கி இருதயம் தளர்ந்து தொங்கிவிட்டது, இந்த இருதயத்தை வைத்துக்கொண்டு ஆபரேஷன் செய்ய முடியாது, தேறினால் பார்க்கலாம் என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். முதல் ஸ்கேனில் தேறவில்லை. இரண்டாவதில் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. மூன்றாவது வருகிற வெள்ளிக்கிழமை.

இப்போது அவனுக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர். சாராள்தான் அளந்து தருகிறாள். மருந்தும் அதில்தான், கஞ்சியும் அந்தக் கணக்கில்தான். திருவிருந்துக் கிண்ணத்தில் ஒரு மடக்குதான் இருக்கும், அதையும் கழித்துக்கொண்டுதான் தருகிறாள். நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று அவன் கேட்பான்.

"இன்னும் ஒரே வாய் குடு சாரா."

"மாட்டேன்."

"அப்பவும் நீதான் என்னிய வுட வச்ச. இப்பவும் நீதான்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தப் பக்கம் போய், மடங்காத கையால் டம்ளரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நேற்று மத்தியானம் அவனுக்குச் சோறு கொடுக்கப் போனேன். சாராளுக்கு ஷிப்ட். எடைமேடை அறையிலிருந்து மில் கேட் நேராகத் தெரியும். சித்திரை பிறந்துவிட்டது. வெயிலில் தார் இளகிக் கிடந்தது. கேட்டில் வெள்ளை வேன் நின்றிருந்தது. தார்ப்பாயைக் கட்டி மேஜை போட்டிருந்தார்கள். வேறு பிள்ளைகள், புது முகங்கள். மேஜைக்குப் பின்னால் நீலக் கேன்கள் அடுக்கடுக்காக இருந்தன. உலையிலிருந்து வந்த ஆட்கள் வியர்வையோடு வரிசையில் நின்றார்கள்.

சின்னதுரை பேனாவை வைத்துவிட்டு எழுந்தான். "எங்க போற துரை, உக்காரு" என்றேன். காதில் வாங்கவில்லை. ஐம்பது அடி தூரம்தான் இருக்கும். நடுவில் ஒரு லாரியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினான். மறுபடி நடந்தான். நான் டிபன் கேரியரோடு பின்னாலேயே போனேன்.

வரிசையில் முதலில் நின்றவன் கேனை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டிருந்தான். சின்னதுரை அந்தக் கேனின் மேல் கையை வைத்தான்.

"இத எப்ப... திருப்பித் தரணும்னு... கேட்டியா?"

"இன்னாண்ணா, ஒரு கேன் மேல இவ்ளோ ஆசையா? ஒனக்கும் ஒண்ணு வாங்கித் தரட்டா?" என்று அவன் சிரித்தான். பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

சின்னதுரை வாயைத் திறந்தான். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. மூச்சு வரவில்லை. கேனின் மேல் வைத்த கையை மட்டும் எடுக்காமல் நின்றான்.